நழுவிப்போன சூரியன்

சாருஜா அந்தத் தொலைநோக்கியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த விதமே எனக்குப் பிடிக்கவில்லை. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரைக்கும் திறீவீலரில் அதை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினாள். என் புருஷன் கிளைவ் செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய்க் கையை நீட்டினார். கல்யாணம் கட்டின நாளிலிருந்து நான் சந்தையால் இரண்டு கையிலும் பையோடு வந்து இறங்குகிறேன். ஒரு நாளும் அப்படி ஓடி வந்ததில்லை. அந்த இடத்திலேயே எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது.

கிளைவ் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் ரேடியோக் கருவிகளைத் திருத்துகிறவர். கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் வீட்டில் பழைய ரேடியோக்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இருப்பார். நான் கல்யாணப் பெண்களுக்குத் தலை பின்னி அலங்காரம் செய்கிறவள். ஜிந்துப்பிட்டியிலும் பாமன்கடையிலும் 'நிலூஷா அக்கா' என்றால் தெரியும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நாலாம் மாடியில் இரண்டு அறை, அதற்குள் நானும் அவரும். அவர் கைவிட்டுப் போனால் ஒரு தங்கையைத் தவிர எனக்கு வேறு யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அவரைச் சுற்றி யார் வந்தாலும் என் கண் அங்கேயே நிற்கும்.

சாருஜா முப்பதைத் தொடுகிற வயது. யாழ்ப்பாணத்து ஆட்கள், வெள்ளவத்தையில் வீடு. சூரியனைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். சூரியனைச் சுற்றியுள்ள வாயு மண்டலத்திலிருந்து சில நேரம் ஒரு பெரிய திரள் பிய்த்துக்கொண்டு வெளியே பாய்கிறதாம். பாய்ந்த பிறகு என்ன நடக்கும் என்று ஓரளவு தெரியுமாம். அது எப்படித் தொடங்குகிறது என்பதில்தான் சண்டையாம். அந்தத் தொடக்கத்தைப் பிடிக்கத்தான் இவள் தன் வீட்டு மொட்டைமாடியில் ஒரு தொலைநோக்கி வைத்திருந்தாள். வெள்ளவத்தையில் கடற்பக்கமிருந்து மேகம் வந்து மூடினால் எல்லாம் போச்சு. கொழும்பில் வேறொரு மூலையில் இன்னொரு மாடியும், பார்க்க இன்னொரு ஆளும் தேவை என்று ரேடியோ ஆர்வலர்களின் வட்ஸ்அப் குழுவில் கேட்டிருக்கிறாள். முதலில் கை தூக்கினவர் என் புருஷன். வீட்டில் தண்ணீர்க் குழாய் ஒழுகுது என்று ஒரு மாதம் சொன்னேன். அதற்குத் தூக்காத கை.

"வானத்துல அவ்வளவு பெரிய சட்டலைட் எல்லாம் இருக்கு. அதுக்குத் தெரியாததா இவர்ட கண்ணுக்குத் தெரியப்போகுது?" என்று அவளிடம் நேராகவே கேட்டேன்.

அவள் கோபிக்கவில்லை. "இருக்கு அக்கா. ஆனா அது விட்டு விட்டுத்தான் படம் எடுக்கும். எனக்கு இடைவெளி இல்லாம வேணும். தொடக்கம் அந்த இடைவெளிக்குள்ள ஒளிஞ்சிடும்" என்றாள். கெட்டிக்காரி. எதற்கும் பதில் வைத்திருந்தாள்.

தொலைநோக்கியை அவர்கள் மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். வெயிலைத் தாங்கும் வடிகட்டி போட்ட சின்னக் குழாய்தான். அதன் கண் வைத்துப் பார்க்கும் முனையில் கிளைவ் தன் பழைய போனைக் கட்டிவிட்டார். அது வீடியோ எடுத்துக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஒரு ரேடியோ. அதில் எங்கேயோ ஒரு நாட்டிலிருந்து நேரம் காட்டும் 'டிக், டிக்' ஒலி வரும். படமும் அந்த டிக்கும் ஒரே பதிவில் விழுந்தால், எது எந்தச் செக்கனில் நடந்தது என்று பிறகு யாரும் வாதாட முடியாதாம். அது கிளைவின் யோசனை. சாருஜா அதைக் கேட்டுவிட்டு, "அண்ணா, நீங்கள் உண்மையிலயே வேற லெவல்" என்றாள். அவர் காது சிவந்துபோனது. அந்தக் காதை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அண்ணாவாம். அண்ணா என்று கூப்பிட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

அவர்களுக்குள் சில சட்டங்கள் இருந்தன. பதிவு ஓடும்போது பக்கத்தில் கதைக்கக் கூடாது. பதிவை வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, ஒரு செக்கனைக்கூட அழிக்கக் கூடாது. மத்தியானமானதும் போன் தானாகவே அதைச் சாருஜாவுக்கு அனுப்பிவிடும். இன்னொன்று, அந்தக் குழாய்க்குச் சூரியனின் பின்னால் தானாகத் திரும்பத் தெரியாது. ஒரு ஆள் பக்கத்தில் நின்று குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும். கையை எடுத்தால் இரண்டு மூன்று நிமிஷத்தில் சூரியன் படத்தை விட்டு நழுவிப் போய்விடும். ஆகவே என் புருஷன் காலையில் பிளேன்டியைக் குடித்துவிட்டு மேலே ஏறினால், குமிழில் கையை வைத்தபடி நின்றுகொண்டே இருப்பார்.

சாப்பாட்டு மேசையிலும் அதே கதைதான். சூரியனில் ஒரு புள்ளிக் கூட்டத்துக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு இழை படுத்திருக்கிறதாம். அதைத்தான் இருவரும் காவல் காத்தார்கள். "இண்டைக்கு அதின்ர ஒரு நுனி கொஞ்சம் வளைஞ்சிருக்கு" என்று போனில் அவளிடம் சொல்லிச் சிரிப்பார். அந்த வாரம்தான் நான் என் தலைமயிருக்கு மண்ணிறச் சாயம் பூசியிருந்தேன். கீழ்மாடி றஞ்சிதம் அக்கா கண்டாள், மீன்காரன் கண்டான். என் புருஷனுக்குத் தெரியவில்லை. கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கிற இழையின் நுனி வளைந்தது தெரிந்தது!

ஒரு நாள் சாருஜா வடிகட்டியைச் சரிபார்க்க வந்தவள், கிளைவ் கடைக்குப் போயிருந்ததால் என்னோடு மேலே தனியாக நின்றாள். கொண்டையை ஒரு பென்சிலால் குத்தி வைத்திருந்தாள். நல்ல அடர்த்தியான மயிர், எண்ணெய் கண்டு எத்தனை நாளோ. இதைக்கூடப் பராமரிக்கத் தெரியாதவளிடம் என்ன இருக்கிறதென்று இவர் இப்படி மயங்குகிறார் என்று யோசித்துக்கொண்டே, "அப்பிடி என்னதான் இருக்கு அந்தக் கறுப்பு நூல்ல?" என்று கேட்டேன்.

"இருங்கோ அக்கா, காட்டுறன். உங்கட தலைமயிரைக் கொஞ்சம் தாறீங்களோ?"

நான் சொல்லுமுன்னே என் பின்னால் வந்து மயிரைக் கையில் எடுத்துவிட்டாள். மற்றவர்களின் தலையில் கை வைத்துப் பிழைக்கிறவள் நான். என் தலையில் இன்னொருத்தி கை வைத்து எத்தனையோ வருஷம். அதுவும் இவள்.

"சூரியனில காந்தக் கோடுகள் இருக்கு. அதுகள் முறுகி முறுகி ஒரு கயிறு மாதிரி வந்திடும்" என்று என் மயிரை முறுக்கினாள். "நீங்கள் சொன்ன கறுப்பு நூல், அந்தக் கயித்துக்குள்ள தொங்கிற குளிர்ந்த வாயு. கயிறு எழும்பப் பாக்கும். ஆனா மேல வேற கோடுகள் வளைவு வளைவா நிண்டு அமத்திப் பிடிக்கும்." முறுக்கினதைத் தலையோடு அமர்த்தி என் கொண்டைப் பின்கள் இரண்டைக் குறுக்கே குத்தினாள். "இப்பிடி. கன நாளைக்கு ஒண்டும் நடக்காது. பாக்கிறவைக்கு அது சும்மா படுத்திருக்கிற மாதிரித்தான்."

"பிறகு எப்பிடி வெடிக்குது?"

"அதுதான் சண்டை. சில பேர் சொல்லுவினம், கீழ காலடியில சின்னச் சின்னக் கோடுகள் அறுந்து மாறி ஒட்டுது, அதால கயிறு பலம் எடுத்து எழும்புது எண்டு. வேற ஆக்கள், இல்லை, மேல அமத்திப் பிடிக்கிறதுதான் முதல்ல விலகுது எண்டுவினம். இன்னும் கொஞ்சப் பேர், ஒரு உயரத்தைத் தாண்டிட்டா மேல பிடி தானாவே தளந்திடும், பிறகு ஆரும் ஒண்டும் செய்யத் தேவையில்லை எண்டு சொல்லுவினம்." அவள் முறுக்கிக்கொண்டே இருந்தாள். தலைத் தோல் இழுபட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. "ஆனா எல்லாரும் ஒத்துக்கொள்ளுற விஷயம் ஒண்டு இருக்கு அக்கா. பாயிறதுக்கு முதல் அது மெதுவா எழும்பும். ஒருத்தருக்கும் தெரியாம. எல்லாரும் வெடிச்ச பிறகுதான் திரும்பிப் பாக்கினம்."

நான் கையை விட்டுப் பின்னை உருவிவிட்டேன். மயிர் பொத்தென்று தோளில் விழுந்தது.

"உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகல்லையா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வி அந்த விளக்கத்துக்குப் பொருந்தாது என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

"ஒருத்தர் இருந்தவர். மெல்பேர்னுக்குப் போயிட்டார். எயார்போட்டுக்கு வரச் சொல்லிக் கேட்டவர். அண்டைக்குப் பாத்து நல்ல வெயில், இழை ஒண்டு எழும்பப் போகுது எண்டு நான் நிண்டிட்டன்." வடிகட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "அண்டைக்கு அது எழும்பவும் இல்லை."

நான் இரக்கப்பட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஒருத்தனை விட்டுவிட்டாள், இப்போது இன்னொருவர் தேவைப்படுகிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. செவ்வாய்க்கிழமை என்றால் இருவரும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு நடந்து போவோம். வாசலில் கிளைவ் இரண்டு மெழுகுதிரி வாங்குவார், எனக்கொன்று அவருக்கொன்று. ஒருவருடைய திரியை மற்றவர் கொளுத்த மாட்டோம். அவரவர் நேர்ச்சை அவரவருக்கு. தொலைநோக்கி வந்த பிறகு ஒரு செவ்வாய் தவறியது. அடுத்த செவ்வாயும் தவறியது. மூன்றாவது செவ்வாய்க்கு, "இந்த முறை கட்டாயம் வாறேன் நிலூ" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்.

அன்று நான் நீலச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து, படியில் நின்றேன். வரவில்லை. றஞ்சிதம் அக்கா கதவைத் திறந்து, "இண்டைக்கும் தனியவா? உன் மனுசனைப் பக்கத்தில வச்சிருக்க அந்தப் பிள்ளைக்கெல்லோ குடுத்து வச்சிருக்கு" என்றாள். அவள் வாயை அங்கேயே தைத்திருக்கலாம். ஆனால் அவள் சொன்னது நான் ஏற்கெனவே நினைத்துவைத்திருந்ததுதான். மேலே ஏறினேன்.

கிளைவ் குமிழில் கை வைத்தபடி போன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கொலுசுச் சத்தம் கேட்டுத் திரும்பினவர், "ஒரு பத்து நிமிஷம் நிலூ. வெள்ளவத்தையில மேகம் மூடிட்டுதாம். சாருஜா கெஞ்சிறா" என்று மெல்லச் சொன்னார்.

சாருஜா கெஞ்சுகிறாளாம்.

"அவ கெஞ்சினா நிப்பீங்க. நான் கெஞ்சினா?"

அவர் உதட்டில் விரலை வைத்தார். உஷ் என்கிறார். என்னை. அதற்குப் பிறகு என் வாயை நான் பிடிக்கவில்லை.

"உஷ்ஷா? எனக்கா உஷ்? மூண்டு கிழமையா இந்த வீட்டுல நான் மேசை மாதிரி இருக்கிறன், கிளைவ். மேசையாவது பரவாயில்ல, அதுல தட்டாவது வைப்பீங்க. அவட நூல் வளைஞ்சா தெரியுது. என்ட தலையில சாயம் பூசினது தெரியுதா? சொல்லுங்க, என்ன நிறம்? பாக்காம சொல்லுங்க!"

"நிலூ, பதிவு ஓடுது..."

"ஓடட்டும்! அவளோட சிரிக்கிற மாதிரி என்னோட எப்ப கடைசியா சிரிச்சீங்க? எனக்கு அந்தப் படிப்பு இல்ல. அவள் சொல்றது எனக்கு விளங்காது எண்டு நினைக்கிறீங்க. எல்லாம் விளங்கும். எனக்குப் பயமா இருக்கு, கிளைவ். நீங்க போயிருவீங்க எண்டு பயமா இருக்கு. நான் கத்துறது அதுக்குத்தான். உங்களுக்கு அது கோவமா கேக்குது."

அவர் கை குமிழை விடவில்லை. கண் ஒருமுறை திரைக்குப் போய்த் திரும்பியது. அந்த ஒரு பார்வை போதும்.

"ஒரு நாள், ஒரே ஒரு நாள், எனக்காக அந்தக் குழாயை விட்டுட்டு வந்திருக்கிறீங்களா? வரமாட்டீங்க. நான் இந்த மாடியால விழுந்தாலும் அந்தக் குமிழைத் திருகிட்டுத்தான் எட்டிப் பாப்பீங்க. இருங்க. அவளோடயே இருங்க!"

கதவை அடித்துச் சாத்திவிட்டு இறங்கினேன். நாலு மாடியும் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. தெருவில் நின்ற முதல் திறீவீலரில் ஏறி, "மல்லி, மாளிகாவத்தட்ட யமு, இக்மனட்ட" என்று சிங்களத்தில் அவசரப்படுத்தி மாளிகாவத்தைக்கு விடச் சொன்னேன். கோயிலுக்குப் போக மனம் வரவில்லை. மாளிகாவத்தைத் தொடர்மாடியில் இருக்கும் என் தங்கை ஷாமிலாவிடம் போய், அவள் ஊற்றித் தந்த ரீயை ஆறவிட்டு அழுதேன். போன் அடிக்கும் என்று பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது, போனை வீட்டிலேயே விட்டு வந்திருந்தேன்.

பின்னேரம் திரும்பி வந்தபோது கிளைவ் மேசையில் இருந்தார். மேசையில் பற்றவைக்காத ஒரு மெழுகுதிரி கிடந்தது. கரண்ட் போகுமென்று யாரோ எடுத்து வைத்தது என்று நினைத்து மேசை லாச்சிக்குள் போட்டேன். அவர் அதைப் பார்த்தார். "அது எழும்பிட்டுது. முழுசாப் பிடிபடல்ல" என்று மட்டும் சொன்னார். நான் போய் வந்ததைப் பற்றிக் கேட்கவில்லை. சூரியனைப் பற்றித்தான் சொல்கிறார் பார், என்று எனக்கு இன்னும் ஏறியது.

அதன்பின் வீட்டில் பேச்சில்லை. சோற்றை வைப்பேன், சாப்பிடுவார். ஆனால் அவர் மேலே ஏறவும் இல்லை. தொலைநோக்கியைப் பெட்டிக்குள் வைத்துக் கயிறு கட்டி, சாருஜாவிடம் திருப்பிக் கொடுக்கக் கதவோரம் வைத்திருந்தார். நான் வென்றுவிட்டேன். அந்தப் பெட்டியைத் தாண்டித் தாண்டி நடக்கும்போதெல்லாம் வென்றவள் மாதிரி இருக்கவில்லை.

சனிக்கிழமை அவர் கப்பல் வேலைக்குப் போயிருந்த நேரம் சாருஜா வந்தாள். கையில் லப்டொப். முகம் கழுவாதவள் மாதிரி இருந்தாள்.

"அண்ணா இல்லை" என்றேன் வாசலில் நின்றபடி.

"தெரியும். நான் உங்களிட்டத்தான் வந்தனான் அக்கா. உங்கட அனுமதி வேணும்."

"எதுக்கு? புருஷனுக்கா?" என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் சுருங்கியது.

"உங்கட குரலுக்கு" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதிவு. நான் கத்தினது முழுவதும் அந்த டிக் டிக்கோடு சேர்ந்து பதிவாகி, மத்தியானம் தானாகவே இவளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர்கள் சட்டப்படி ஒரு செக்கனும் வெட்டாமல். எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. எவளுக்குக் கேட்கக் கூடாதோ அவளே கேட்டிருக்கிறாள், அதுவும் எத்தனை தரமோ.

"சத்தத்தை அழிச்சிட்டுப் படத்தை வச்சுக்கொள்ளுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஏலாது அக்கா. நேரம் சத்தத்திலதான் இருக்கு. டிக்கை வெட்டினா, இது எப்ப நடந்தது எண்டு என்னால ஒருத்தருக்கும் நிரூபிக்க ஏலாது. அண்டைக்கு இந்தப் பக்கத்தில இதைப் பாத்துக்கொண்டு நிண்டது இந்த ஒரு குழாய்தான், எனக்குத் தெரிஞ்ச வரையில. நீங்கள் வேண்டாம் எண்டா நான் இதைப் பாவிக்கமாட்டன். ஆனா முதல்ல ஒருக்காப் பாருங்கோ."

அவள் என் மேசையில், பின்களும் சவுரி முடியும் கிடந்த இடத்தை ஒதுக்கி லப்டொப்பைத் திறந்தாள். திரை முழுக்கச் சிவப்பு. நடுவில் அந்தக் கறுப்பு இழை. டிக், டிக். பிறகு என் கொலுசு.

என் குரலை நான் வெளியிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு பேய்ச்சியின் குரல் என்று நினைத்திருந்தேன். அப்படி இருக்கவில்லை. பயந்துபோன ஒருத்தியின் குரலாக இருந்தது. சாருஜா திரையில் ஒரு இடத்தைத் தொட்டாள்.

"இதில பாருங்கோ. இந்தக் காலடி. இப்ப ஒரு சின்ன வெளிச்சம் வரும். வந்திட்டுது. நீங்கள் 'என்ன நிறம்' எண்டு கேக்கிற நேரம். இப்ப இழை எழும்பத் தொடங்குது. கண்ணுக்குத் தெரியாது, நான் அளந்து பாத்தனான். கீழதான் முதல்ல, அக்கா. இந்த முறை எண்டாலும் கீழதான் முதல்."

என் குரல் 'எனக்குப் பயமா இருக்கு' என்றது. இழை முன்பிருந்த இடத்தில் இல்லை. இப்போது எனக்கும் தெரிந்தது. நான் கத்திக்கொண்டிருந்தபோது அது தன் பாட்டில் எழும்பிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த ஒரு பார்வையில் கிளைவ் அதைத்தான் கண்டிருக்கிறார்.

'அவளோடயே இருங்க!' கதவு அடித்தது. என் செருப்புச் சத்தம் கீழே போய் மறைந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் பதிவு நிற்கவில்லை.

டிக், டிக். காகம் ஒன்று. பிறகு கிளைவின் குரல், மூச்சு மாதிரி: "ஐயோ... எழும்புது. எழும்புது."

இழை நடுவில் வளைந்து வில்லாய் நின்றது. அதன் அடியில் இரண்டு கோடுகள் வெள்ளையாய்ப் பற்றத் தொடங்கின. ரேடியோவின் டிக் மங்கியது. "இது சூரியனால. அங்க வெளிச்சம் வெடிச்ச உடன இஞ்ச எங்கட வானத்தில அந்த ரேடியோ அலை விழுங்கப்பட்டிடும்" என்றாள் சாருஜா மெல்ல. டிக் தேய்ந்து தேய்ந்து இல்லாமலே போனது.

அந்த அமைதிக்குள் அவர் குரல் வந்தது. "நிலூ."

பிறகு சத்தமாக, "நிலூ! நில்லுங்க!" அதற்குப் பின் செருப்பு, கதவு, படி. அவர் செருப்புச் சத்தத்தை எனக்குத் தெரியாதா. தடதடவென்று கீழே, கீழே, அதுவும் இல்லை.

திரையில் சூரியன் நகர்ந்தது. பிடிக்க ஆளில்லை. இழை கிழித்துக்கொண்டு பாயத் தொடங்கிய நேரம் அது ஓரத்துக்கு வந்துவிட்டது. பாதி இழை, பிறகு கால், பிறகு ஒரு சிவப்பு விளிம்பு. பிறகு கறுப்பு. கறுப்பே ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில் கோயில் மணி அடித்தது. யாரும் திரும்பி வரவில்லை.

"எவ்வளவு நேரத்துக்கு இப்பிடி?" என்று கேட்டேன்.

"மத்தியானம் போன் தானா நிக்கும் வரைக்கும். அண்ணா வரவே இல்லை."

மெழுகுதிரி. லாச்சிக்குள் கிடக்கிற மெழுகுதிரி. என்னைத் தேடிக் கொச்சிக்கடைக்குத்தான் போயிருக்கிறார். செவ்வாய் அல்லவா, நான் வேறெங்கே போவேன் என்று நினைத்திருப்பார். அங்கே இரண்டு திரி வாங்கி, தன்னுடையதைக் கொளுத்தி, என்னுடையதை என் கைக்குத் தர வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். அதை நான் கரண்டுக்கு என்று லாச்சிக்குள் எறிந்தேன்.

"உங்களுக்கு நட்டம்தானே" என்றேன்.

"ஒரு கை குமிழில இருந்திருந்தா முழுசும் கிடைச்சிருக்கும். ஆனா எனக்குத் தேவை தொடக்கம். தொடக்கம் இருக்கு." சொல்லிக்கொண்டே அவள் பதிவைப் பின்னுக்கு இழுத்தாள். இழை எழும்பும் இடத்துக்கு என்று நினைத்தேன். இல்லை. டிக் அடங்கின இடத்தில் விட்டாள். 'நிலூ! நில்லுங்க!' செருப்பு, கதவு, படி. மறுபடியும் இழுத்தாள். மறுபடியும் படி. அந்த இடத்தில் ஆராய்ச்சிக்கு ஒன்றுமே இல்லை, சூரியன் ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் திரையைப் பார்க்கவும் இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அதில் நான் பட்டம் வாங்கினவள். கிளைவின் காது சிவந்ததை நான் எப்படிப் பார்த்தேனோ, அப்படித்தான் அவள் என்னைப் பார்த்தாள்.

"பாவியுங்க" என்றேன். "ஒண்டையும் வெட்ட வேண்டாம். அந்தப் படிச் சத்தத்தையும்தான்."

அவள் தலையாட்டினாள். போகும்போது அவளை வாசலில் நிறுத்தி, பென்சிலை உருவி, எண்ணெய் வைத்து, சிக்கெடுத்துப் பின்னிவிட்டேன். பிடித்துப்போய்ச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். அப்படி ஒரு தலையோடு என் வீட்டிலிருந்து ஒருத்தி இறங்கிப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

கிளைவிடம் நான் எதையும் சொல்லவில்லை. அடுத்த செவ்வாய் வந்தது. காலையில் அவர் வெள்ளைச் சேர்ட் போட்டு, தலை சீவி, நேரத்துக்கே வாசலில் நின்றார். பெட்டி அவர் காலடியில். வானம் கழுவிவிட்டது போல இருந்தது, ஒரு பொட்டு மேகமில்லை. அவர் அதை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

நான் லாச்சியைத் திறந்து மெழுகுதிரியை எடுத்து அவர் சேர்ட் பையில் வைத்தேன். "பூசை பின்னேரமும் இருக்கு. பெட்டியைத் தூக்குங்க" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "நிலூ, நான் அதைக் குடுக்கப்போறன்..."

"தூக்குங்க எண்டு சொன்னன்."

மேலே போய்க் குழாயை நிறுத்தினோம். போனைக் கட்டினார், ரேடியோவைப் போட்டார். டிக், டிக். சிவப்புச் சூரியன் திரைக்கு வந்தது. புதிதாக ஒரு கறுப்பு இழை, சின்னது, வேறொரு மூலையில் படுத்திருந்தது. அவர் கை குமிழுக்குப் போகுமுன் நான் அதைப் பிடித்தேன். எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று எனக்குத் தெரியும், அத்தனை காலைகளிலும் நின்று வயிறெரிந்து பார்த்திருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டு உதட்டில் விரலை வைத்தார், பதிவு ஓடுகிறது என்று.

ஓடுகிறது என்று தெரியும். மத்தியானம் யார் காதுக்குப் போகும் என்றும் தெரியும்.

"அண்டைக்கு நீங்க அதை விட்டுட்டு என் பின்னால ஓடி வந்தத நான் பாத்தனான், கிளைவ்" என்றேன், ஒவ்வொரு சொல்லாக, டிக்குக்கு மேலே தெளிவாகக் கேட்கும்படி.

அவர் விரல் உதட்டிலிருந்து மெல்ல இறங்கியது. திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார், நன்றாகப் பார்த்தார்.

"மண்ணிறம்" என்றார்.

நான் குமிழைக் கொஞ்சம் திருகினேன். சூரியன் நடுவிலேயே நின்றது.